ஒரு டியூக் பட்டமும் ஆறு கொலைகளும்

கேள்வி இதுதான்: ‘1949-ஆம் ஆண்டு வெளிவந்த “கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கொரோனெட்ஸ்” என்ற படத்தைப் பிரிட்டிஷ் பிரபுக்கள் வர்க்கத்தின் மீதான தலைசிறந்த அங்கதம் என்கிறார்கள். ஆனால் அதன் நாயகன் அந்த வர்க்கத்தை ஒழிக்க நினைக்கவில்லை. அதற்குள் நுழையத்தான் எட்டுப் பேரைக் கொல்கிறான். படமும் அவனைக் கண்டிக்கவில்லை. இதில் அங்கதம் எங்கே இருக்கிறது? கொலைகளைப் பார்த்து ஏன் சிரிப்பு வருகிறது?’

நியாயமான கேள்வி. இந்தப் படத்தைப் பல முறை பார்த்தவன் என்ற முறையில் என்னால் இயன்ற அளவு விரிவாகச் சொல்கிறேன். முடிவையும் சொல்லாமல் இதற்குப் பதில் எழுத முடியாது. படத்தை இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

முதலில் ஒரு திருத்தம். டியூக் பட்டத்துக்கு உரிய டாஸ்காயின் குடும்பத்தில் எட்டுப் பேர் சாகிறார்கள் என்பது சரி. ஆனால் நாயகன் லூயி மசினி கொல்வது அவர்களில் ஆறு பேரைத்தான். கடற்படைத் தளபதி தம் பிடிவாதத்தினாலேயே கப்பலோடு மூழ்குகிறார். வங்கி நடத்தும் முதியவர், டியூக் பட்டம் தமக்கு வந்துவிட்டது என்ற செய்தியின் அதிர்ச்சியிலேயே உயிரை விடுகிறார். கடைசியில் லூயிக்குத் தூக்குத் தண்டனை கிடைப்பதோ இந்த ஆறில் எதற்காகவும் அல்ல. அவன் செய்யாத, செய்ய நினைத்தும் பார்க்காத ஏழாவது ‘கொலை’க்காக. இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் படம் யாரைக் குறிவைக்கிறது என்பது பாதி விளங்கிவிடும்.

கதை எட்வர்ட் மன்னர் காலத்து இங்கிலாந்தில் நடக்கிறது. சால்ஃபாண்ட் டியூக்கின் மகள் ஒருத்தி, இத்தாலிய ஓபரா பாடகன் ஒருவனைக் காதலித்து மணந்துகொண்டதற்காகக் குடும்பத்திலிருந்து தள்ளிவைக்கப்படுகிறாள். மகன் பிறந்த அன்றே கணவன் மாரடைப்பால் இறந்துவிட, லண்டனின் கிளாப்பம் பகுதியில் ஒரு சிறு வீட்டில், வாடகைக்கு ஆள் வைத்துக்கொண்டு, அவள் மகனை வளர்க்கிறாள். அவனுக்கு அவள் கொடுத்துச் சென்ற ஒரே சொத்து குடும்ப வரலாறு. சால்ஃபாண்ட் பட்டம் பெண்வழியாகவும் இறங்கக் கூடியது. ஆகவே குடும்ப மரத்தின் ஒரு கிளையில் அவனும் இருக்கிறான். அவள் இறந்தபோது குடும்பக் கல்லறையில் தன்னைப் புதைக்க வேண்டும் என்று வைத்த வேண்டுகோளைக் கோட்டை மறுத்துவிடுகிறது. துணிக்கடையில் வேலை பார்க்கும் லூயி, தனக்கும் பட்டத்துக்கும் நடுவே நிற்பவர்களை ஒவ்வொருவராக அகற்றுவது என்று முடிவு செய்கிறான். சால்ஃபாண்ட் கோட்டையின் படம் ஒன்றின் பின்புறத்தில் குடும்ப மரத்தை வரைந்து வைத்து, சாகச் சாகப் பெயர்களை அடித்துக்கொண்டு வருகிறான்.

இந்தக் கதை சொல்லப்படும் முறையில்தான் எல்லாமே இருக்கிறது. படம் தொடங்கும்போதே லூயி பத்தாம் டியூக் ஆகிவிட்டிருக்கிறான், சிறையில் இருக்கிறான், மறுநாள் காலை அவனுக்குத் தூக்கு. அந்தக் கடைசி இரவில் தன் நினைவுக் குறிப்புகளை எழுதி முடித்து அவற்றைப் படித்துப் பார்க்கிறான். நாம் படம் முழுதும் கேட்பது அவனுடைய குரலை. லூயியாக நடித்த டென்னிஸ் பிரைஸ் பேசும் அந்தக் குரலில் கோபமில்லை, பதற்றமில்லை, குற்ற உணர்வும் இல்லை. நன்கு படித்த ஒருவர் தாம் சென்று வந்த பயணத்தை விருந்தினருக்கு விவரிப்பதைப் போன்ற நிதானம் மட்டுமே இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. பட்டத்தை நோக்கிய வழியில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதை லூயி செய்தித்தாளின் பிறப்பு இறப்பு அறிவிப்புகளைப் பார்த்துக் கணக்கிட்டு வருகிறான். டியூக்குக்கு இரட்டை ஆண் குழந்தைகள் பிறந்தது பேரிடியாக இருந்தது என்கிறான். நல்லவேளையாகத் தொண்டை அடைப்பான் நோய் பரவி, நிலைமையை உடனே பழையபடி ஆக்கிவிட்டதாகவும், டியூக்கின் மனைவியையும் சேர்த்து ஓர் ஊக்கத்தொகை போலத் தனக்கு அளித்ததாகவும் அதே மூச்சில் சொல்கிறான். இரண்டு பச்சிளம் குழந்தைகளும் ஒரு தாயும் இறந்திருக்கிறார்கள். சொல்லப்படுவதோ ஒரு கணக்குப் பிள்ளையின் வரவு செலவு மொழியில். நமக்குச் சிரிப்பு வருகிறது. சிரித்த அடுத்த கணமே எதற்குச் சிரித்தோம் என்பது உறைக்கிறது. சாவைப் பார்த்து நாம் சிரிக்கவில்லை. செயலுக்கும் அதைச் சொல்லும் மொழிக்கும் நடுவே உள்ள பெரும் இடைவெளியைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம்.

அந்த மொழி யாருடையது என்பதுதான் அடுத்துக் கேட்க வேண்டியது. அது லூயியின் சொந்த மொழி அல்ல. தாயிடமிருந்து அவன் கற்றுக்கொண்ட பிரபுக்களின் மொழி. குரலை உயர்த்தாமல் இருப்பது, உணர்ச்சியை வெளிக்காட்டாமல் இருப்பது, எந்தப் பேரழிவையும் ஒரு சிறு அசௌகரியமாகப் பேசுவது ஆகியவை அந்த வர்க்கத்தின் பெருமைக்குரிய பழக்கங்கள். தள்ளிவைக்கப்பட்ட மகளின் கடைசி வேண்டுகோளை மறுப்பதற்கும் இதே குளிர்ந்த பண்பாடுதான் அவர்களுக்கு உதவியது. லூயி அந்தப் பண்பாட்டை அவர்களைவிட நன்றாகக் கற்றுக்கொண்டு, அதையே அவர்கள் மீது திருப்புகிறான். அவன் நட்புடன் வீட்டுக்குள் வருகிறான், தேநீர் அருந்துகிறான், உரிய இடத்தில் உரிய சொல்லைச் சொல்கிறான். அதன் பிறகே கொல்கிறான். நட்பில்லாத ஒருவரைக் கச்சிதமாகக் கொல்வது மிகவும் கடினம் என்று அவனே ஓரிடத்தில் குறிப்பிடுகிறான். மரியாதை என்பது ஓர் ஒழுக்கம் என்று அந்த வர்க்கம் உலகத்துக்குச் சொல்லி வந்தது. ஒழுக்கத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாமலேயே மரியாதை முழுமையாக இயங்கக் கூடும் என்பதைப் படம் காட்டுகிறது. என்னைப் பொறுத்தவரை அங்கதத்தின் மையம் இதுதான்.

இதைப் படத்தின் ஒரே ஒரு காட்சியிலிருந்து நிறுவச் சொன்னால் ஹென்றியின் சாவைக் காட்டுவேன். புகைப்படம் எடுப்பதில் ஆர்வமுள்ள இனிய இளைஞன் ஹென்றி; அவனுடைய மனைவி ஈடித் மதுவிலக்கில் உறுதியானவள். ஆகவே அவன் தன் இருட்டறையில் மதுப் புட்டிகளை ஒளித்து வைத்திருக்கிறான். லூயி அந்த அறையின் விளக்கில் மண்ணெண்ணெய்க்குப் பதிலாகப் பெட்ரோலை ஊற்றி வைத்துவிட்டு வருகிறான். பிறகு தோட்டத்தில் ஈடித்தோடு தேநீர் அருந்திக்கொண்டிருக்கிறான். பேச்சு நாகரிகமாக நடந்துகொண்டிருக்கிறது. அவளுக்குப் பின்னால், சுவருக்கு அப்பாலிருந்து புகை எழுகிறது. கேமரா அந்தப் பக்கம் ஓடவில்லை, தீயைக் காட்டவில்லை, இசை எழும்பவில்லை. தேநீர்ப் பேச்சின் ஒழுங்கைக் குலைக்க யாருக்கும் உரிமையில்லை என்பதைப் போலப் பேச்சு தொடர்கிறது. ஓர் உயிர் போகும்போது உரையாடலின் நாகரிகம் காப்பாற்றப்படுகிறது. இயக்குநர் ராபர்ட் ஹேமர் ஒரு முழு வர்க்கத்தைப் பற்றிச் சொல்ல நினைத்தது அந்த ஒரே சட்டகத்தில் அடங்கிவிட்டது.

முதல் கொலையிலும் மொழிதான் வேலை செய்கிறது. தன்னைக் கடையில் அவமதித்து வேலையிலிருந்து நீக்கச் செய்த இளம் டாஸ்காயினை லூயி மெய்டன்ஹெட் வரை பின்தொடர்கிறான். அவனும் அவனுடைய காதலியும் இருக்கும் படகை அவிழ்த்துவிட்டு, அணையின் மேலாக விழச் செய்கிறான். அந்தப் பெண்ணுக்காகத் தான் வருந்தியதாகச் சொல்கிறான். ஆனால் அந்த வார இறுதியில் சாவைவிடக் கொடிய விதியை அவள் ஏற்கெனவே அடைந்திருப்பாள் என்று எண்ணி ஆறுதல் பெற்றானாம். ‘சாவைவிடக் கொடிய விதி’ என்பது பெண் தன் கற்பை இழப்பதைக் குறிக்க அக்கால ஆங்கிலேய மேட்டுக்குடியினர் பயன்படுத்திய மங்கலச் சொல். அந்தச் சொல்லை அவன் அப்படியே எடுத்துக்கொண்டு, அப்படியென்றால் சாவு அதைவிடச் சிறியதுதானே என்று தர்க்கப்படி முடித்துவிடுகிறான். ஒரு சமூகத்தின் போலி ஒழுக்கத்தை அதன் சொல்லைக்கொண்டே அம்பலப்படுத்தும் இத்தகைய வாக்கியங்கள் படம் முழுதும் வருகின்றன. திரையின் அடியில் வரும் மொழிபெயர்ப்பு வரிகளைப் படித்துப் பார்ப்பவர்கள் இவற்றில் பாதியைத் தவறவிடக் கூடும் என்பதால்தான் இவ்வளவு விளக்கமாகச் சொல்கிறேன்.

அடுத்து, அலெக் கின்னஸ். எட்டு டாஸ்காயின்களையும் நடித்தவர் அவர் ஒருவரே. முதலில் அவருக்கு நான்கு வேடங்களே தரப்பட்டன என்பதும், எட்டையும் தாமே ஏற்க விரும்பியது அவர்தான் என்பதும் பரவலாக அறியப்பட்ட செய்திகள். ஒரு நடிகரின் திறமையைக் காட்டுவதற்கான ஏற்பாடாக இதைப் பலரும் பாராட்டுகிறார்கள். அதில் தவறில்லை, ஆனால் அங்கதம் என்ற கோணத்தில் இதன் பொருள் வேறு. வங்கியாளர், பாதிரியார், தளபதி, கடற்படைத் தலைவர், கோட்டையின் அதிபதி என்று நாட்டின் ஒவ்வொரு அதிகார இடத்திலும் ஒரே முகம் அமர்ந்திருக்கிறது. பணம், மதம், தரைப்படை, கடற்படை, நிலம் ஆகிய அனைத்தும் ஒரே குடும்பத்தின் கையில் இருப்பதை வசனம் ஏதுமின்றி அந்த முகமே சொல்லிவிடுகிறது. தேவாலய இறுதிச்சடங்குக் காட்சியில் ஆறு கின்னஸ்கள் ஒரே சட்டகத்தில் அமர்ந்திருக்கிறார்கள். அதற்காக ஒளிப்பதிவாளர் டக்ளஸ் ஸ்லோகோம் கேமராவைத் துளியும் அசையாமல் பூட்டி வைத்து, லென்சின் ஒவ்வொரு பகுதியாக மறைத்து, படச்சுருளைத் திரும்பத் திரும்பப் பின்னுக்குச் சுற்றி, ஒரே சுருளில் பல முறை படம்பிடித்தார். யாரும் அதைத் தட்டிவிடக் கூடாது என்று இரவில் கேமராவின் அருகிலேயே படுத்துக்கொண்டார் என்பார்கள்.

நடிகர் தேர்வில் இன்னொன்றும் என்னைத் தொடுகிறது. பிறப்பினால் எல்லாம் கிடைத்த எட்டுப் பேரை நடித்த கின்னஸின் பிறப்புச் சான்றிதழில் தந்தையின் பெயருக்கான இடம் வெற்றாக இருந்தது. அவர் இறுதிவரை அந்தக் கேள்வியோடு வாழ்ந்தவர். கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்ட லூயியை நடித்த டென்னிஸ் பிரைஸோ ஒரு பிரிகேடியர் ஜெனரலின் மகன், ஆக்ஸ்ஃபர்டில் படித்தவர். இருவரும் தத்தம் எதிர்ப்பக்கத்தை எவ்வளவு நுட்பமாக அறிந்திருந்தார்கள் என்பது நடிப்பில் தெரிகிறது. பரிசுகளும் புகழும் கின்னஸுக்குச் சென்றன. ஆனால் படத்தைத் தாங்குவது பிரைஸின் குரல்தான் என்பதே என் உறுதியான கருத்து.

எட்டுப் பேரில் சிலரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கடற்படைத் தலைவர் ஹொரேஷியோவின் சாவு வெறும் கற்பனை அல்ல. 1893-ஆம் ஆண்டு ஜூன் 22 அன்று, இன்றைய லெபனானின் திரிப்போலிக்கு அருகே, வைஸ் அட்மிரல் சர் ஜார்ஜ் டிரையன் தம் கப்பல்களை இரண்டு வரிசைகளாக நிறுத்தி, ஒன்றை நோக்கி ஒன்று திரும்புமாறு ஆணையிட்டார். வரிசைகளுக்கு நடுவே திரும்புவதற்குப் போதிய இடமில்லை என்பது கீழிருந்த அதிகாரிகளுக்குத் தெரிந்திருந்தும் ஆணை நிறைவேற்றப்பட்டது. ‘கேம்பர்டவுன்’ போர்க்கப்பல் தலைமைக் கப்பலான ‘விக்டோரியா’வின் மீது மோத, டிரையனும் 350-க்கும் மேற்பட்ட மாலுமிகளும் மூழ்கினார்கள். படத்தில் இது ஒரு நிமிடத்துக்குள் வந்துபோகிறது. தவறான ஆணையை மாற்ற மறுக்கும் தளபதி, நீர் தொப்பிவரை ஏறும்போதும் சல்யூட் அடித்தபடி நிற்கிறார். கீழ்ப்படிதலையும் மேலிருப்பவரின் தவறாமையையும் நம்பிய ஓர் அமைப்பு எப்படித் தன்னைத்தானே மூழ்கடித்துக்கொண்டது என்பதை அறிந்த தலைமுறை அன்று திரையரங்கில் உட்கார்ந்திருந்தது.

பாதிரியார் ஹென்றி பிரபுவைப் பற்றி லூயி சொல்வது, குடும்பத்தின் மூடனைத் திருச்சபைக்கு அனுப்பும் நிலக்கிழார் மரபை டாஸ்காயின்களும் கடைப்பிடித்தார்கள் என்பது. மூத்தவனுக்கு நிலம், இளையவர்களுக்குப் படையும் திருச்சபையும் என்ற பிரிவினை அந்நாட்டில் உண்மையாகவே இருந்தது. ஒரு தேவாலயப் பதவியை யாருக்கு அளிப்பது என்பதைப் பல ஊர்களில் நில உடைமையாளரே முடிவு செய்தார். அந்த மூத்த பாதிரியாரைக் கொல்ல லூயி ஆப்பிரிக்காவின் மட்டபெலேலாந்துப் பேராயராக வேடமிட்டு வருகிறான். அவன் யார் என்பதை யாரும் சோதிக்கவில்லை. பேரரசின் தொலைதூரப் பகுதி எதைப் பற்றியும் அந்த வீட்டில் இருப்பவர்களுக்கு எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ளும் எண்ணமும் கிடையாது. ஓர் உடையும் ஒரு பட்டமும் போதும். போர்ட் மதுவில் நஞ்சு கலந்துவிடுகிறது.

ஆனால் உண்மையில் நடுங்கவைப்பவர் எட்டாம் டியூக் எத்தல்ரெட்தான். மற்றவர்கள் மூடர்கள், வீம்பர்கள், சலிப்பூட்டுபவர்கள். இவர் மட்டுமே கொடியவர். தம் நிலத்தில் திருட்டு வேட்டையாட வந்தவனை மனிதப் பொறியில் சிக்கவைத்து அடித்து நொறுக்கச் செய்கிறார். ஆளின் காலைக் கவ்வும் அத்தகைய இரும்புப் பொறிகளை இங்கிலாந்துச் சட்டம் 1827-லேயே தடைசெய்துவிட்டது; கதை நடப்பதோ அதற்குப் பல பத்தாண்டுகளுக்குப் பின். கோட்டை மதிலுக்குள் சட்டம் நுழைவதில்லை என்பதே செய்தி. வாரிசுக்காகத் தாம் மணக்கப்போகும் பெண்ணைப் பற்றி அவர் பேசுவதும் கால்நடை வளர்ப்பவர் பேசுவதைப் போலவே இருக்கிறது. பிறப்பின் தூய்மை என்ற கொள்கையை அதன் இறுதிவரை இழுத்துச் சென்றால் மனிதர்களும் இனப்பெருக்கக் கால்நடைகளாகத்தான் தெரிவார்கள். கடைசியில் அவர் தம்முடைய பொறியிலேயே சிக்கி நிற்க, லூயி அவரிடம் தான் யார், எதற்காக வந்திருக்கிறேன், தன் தாயின் கல்லறை என்ன ஆயிற்று என்பதையெல்லாம் சொல்லிவிட்டுச் சுடுகிறான். படத்தில் நாகரிகத் திரை விலகி உண்மையான பகை வெளிப்படும் இடம் இது ஒன்றுதான். முதல் முறை பார்த்தபோது நான் சிரிக்காமல் பார்த்த காட்சியும் இதுவே.

லேடி அகதாவின் பகுதியை மட்டும் என்னால் முழு மனத்தோடு பாராட்ட முடியவில்லை. பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடும் அவர் பலூனில் பறந்து துண்டறிக்கைகளை வீசும்போது லூயி அம்பெய்து பலூனைக் கிழிக்கிறான். அதைப் பற்றி அவன் சொல்லும் வரி ஆங்கிலத்தில் எதுகையோடு அழகாக அமைந்திருக்கிறது, நினைவில் நிற்கிறது. ஆனால் மற்ற டாஸ்காயின்கள் அதிகாரத்தில் இருப்பவர்கள். அகதாவோ அதை எதிர்த்துச் சிறைக்குப் போனவர். அவரையும் அதே வரிசையில் நிறுத்தியபோது அங்கதம் இலக்கு மாறி, போராடியவர் மீதே பாய்ந்துவிட்டது. அதே போல மூலப் படத்தின் ஓரிடத்தில் வரும் குழந்தைப் பாட்டில் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் ஒரு சொல் இருக்கிறது. இன்று பார்ப்பவர்கள் அதை எதிர்கொள்ளத்தான் வேண்டும்.

மூலக்கதையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ராய் ஹார்னிமன் 1907-இல் எழுதிய ‘இஸ்ரேல் ரேங்க்’ என்ற நாவலிலிருந்து எடுக்கப்பட்ட கதை இது. நாவலின் நாயகன் யூதத் தந்தைக்குப் பிறந்தவன். இரண்டாம் உலகப் போரில் யூதர்களுக்கு நேர்ந்ததைக் கண்ட பிறகு, யூத அடையாளம் கொண்ட ஒரு கொலைகாரனைத் திரையில் காட்டுவது எவ்விதத்திலும் தகாது. ஆகவே ஹேமரும் ஜான் டைட்டனும் திரைக்கதையில் அவனை இத்தாலியப் பாடகனின் மகனாக மாற்றினார்கள். மாற்றம் கதைக்கு நன்மையே செய்தது. மோட்சார்ட்டின் ‘டான் ஜியோவானி’ பாடல் ஒன்று தந்தையின் நினைவாகப் படத்தில் வருகிறது. இசையும் காதலும் தந்தை வழி, பட்டமும் பகையும் தாய் வழி என்ற இரட்டை மரபு லூயிக்குக் கிடைக்கிறது.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். அங்கதம் மிகக் கூர்மையாகும் இடம் இதுவே. லூயி செய்யாத கொலைக்காகக் கைதாகும்போது அவன் டியூக் ஆகிவிட்டிருக்கிறான். ஆகவே சாதாரண நீதிமன்றத்தில் நிற்க வேண்டியதில்லை. பிரபுக்கள் சபையில், சக பிரபுக்களாலேயே விசாரிக்கப்படும் உரிமை அவனுக்கு உண்டு. இது கதைக்காகக் கட்டியது அல்ல. பல நூற்றாண்டுகள் நிலவிய இந்தச் சலுகை கடைசியாகப் பயன்படுத்தப்பட்டது 1935 டிசம்பரில். கார் விபத்தில் ஒருவர் இறந்த வழக்கில் டி கிளிஃபர்ட் பிரபு சக பிரபுக்களால் விசாரிக்கப்பட்டு விடுவிக்கப்பட்டார். 1948-ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டம் அந்தச் சலுகையை ஒழித்தது. மறு ஆண்டு படம் வெளிவருகிறது. முந்தைய ஆண்டில்தான் சட்டப் புத்தகத்திலிருந்து நீக்கப்பட்ட ஒரு சடங்கைப் பார்வையாளர்கள் முழு அலங்காரத்தோடு திரையில் பார்த்திருக்கிறார்கள். அந்த மாட்சிமை மிக்க சபை என்ன செய்கிறது? ஆறு கொலைகள் செய்தவனை அவற்றைப் பற்றி ஒன்றும் அறியாமல், அவன் செய்யாத ஒன்றுக்காகத் தூக்குக்கு அனுப்புகிறது.

தூக்கிலிடுபவராக மைல்ஸ் மாலசன் வரும் காட்சிகளும் இதே நூலில் கோத்தவை. டியூக்கை எப்படி அழைப்பது என்பதை முன்கூட்டியே பழகிக்கொள்கிறார். பிரபுவுக்குப் பட்டுக்கயிறு பயன்படுத்தக் கிடைத்ததே தம் பணிவாழ்வின் சிகரம் என்று மகிழ்ந்து, இதற்குப் பிறகு சணல் கயிற்றைத் தொட மனம் வராது என்று ஓய்வுபெற முடிவு செய்கிறார். 1760-இல் தம் பணியாளரைக் கொன்றதற்காகத் தூக்கிலிடப்பட்ட ஃபெரர்ஸ் பிரபுவுக்குப் பட்டுக்கயிறு போடப்பட்டது என்றொரு கதை இங்கிலாந்தில் நெடுங்காலமாக வழங்கிவந்தது. கீழே இருப்பவர் மேலே இருப்பவரை வழிபடுவதால்தான் இந்த ஏணி நிற்கிறது என்பதை அந்தப் பணிவான முதியவரின் முகத்தில் படம் எழுதிவைத்திருக்கிறது. சாகப்போகிறவனுக்கும் கொல்லப்போகிறவருக்கும் நடுவே கூட வணக்க முறை பிசகவில்லை.

லூயியைத் தோற்கடிப்பவர்கள் பிரபுக்கள் அல்லர். அவனைத் தோற்கடிப்பவள் கிளாப்பத்தில் அவனோடு வளர்ந்த சிபெல்லா. ஏழை என்று அவனை ஒதுக்கிவிட்டு, லயனல் என்ற சலிப்பூட்டும் வணிகனை மணந்தவள். பிறகு லூயியின் இரகசியக் காதலி. லயனல் தற்கொலை செய்துகொள்கிறான். அவன் எழுதிய கடிதத்தை அவள் மறைத்துவிட்டு லூயிக்கு எதிராகப் பொய்ச் சாட்சி சொல்கிறாள். பிறகு சிறையில் வந்து சந்திக்கிறாள். அங்கே நடக்கும் பேரத்தைக் கவனித்துப் பாருங்கள். கடிதம் கிடைக்கலாம், அவன் விடுதலையாகலாம், அவன் இப்போது மணந்திருக்கும் ஈடித்துக்கு ஏதேனும் நேரலாம். எல்லாம் ‘லாம்’ மட்டுமே. கொலை என்ற சொல் இருவர் வாயிலிருந்தும் வரவில்லை. ஜோன் கிரீன்வுட்டின் கரகரத்த, நிதானமான குரல் லூயியின் குரலுக்கு ஈடாக நிற்கும் ஒரே இடம் அது. அவன் பிரபுக்களிடமிருந்து எடுத்த அதே ஆயுதத்தை, பிரபுக்கள் குடும்பத்தோடு எந்த உறவும் இல்லாத ஒரு பெண் அவன் மீது பயன்படுத்துகிறாள். அந்த நாகரிகம் இரத்தத்தில் வருவதல்ல, யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளக் கூடியது என்பதற்கு இதைவிட வலுவான சான்று படத்தில் இல்லை.

படம் அவனைக் கண்டிக்கவில்லை என்ற உங்கள் குறைக்கு இனிப் பதில் சொல்லலாம். வழக்கத்திலுள்ள ஒழுக்க நெறிகளைப் பொருட்படுத்தாத ஒரு படத்தை எடுக்க வேண்டும் என்பது தம் நோக்கங்களில் ஒன்று என்று ஹேமரே பின்னர் எழுதியிருக்கிறார்; அந்த நெறிகள் நிலைநாட்டப்பட்டவையே தவிரக் கடைப்பிடிக்கப்பட்டவை அல்ல என்பதையும் அவர் சேர்த்துச் சொன்னார். கண்டிக்கும் குரல் ஒன்றைப் படத்துக்குள் வைத்திருந்தால், நாம் அதன் பின்னால் பாதுகாப்பாக நின்றுகொண்டு லூயியை வெறுத்திருப்போம். டாஸ்காயின்கள் வெறும் பாதிக்கப்பட்டவர்களாகித் தப்பியிருப்பார்கள். அந்தக் குரல் இல்லாததால் நாம் அவன் பக்கம் சாய்கிறோம், அடுத்த கொலைக்குக் காத்திருக்கிறோம், நாகரிகமான ஒரு குரலுக்கு எவ்வளவு எளிதில் எதையும் மன்னிக்கிறோம் என்பதை நம்மிடமே உணர்கிறோம். பட்டத்துக்கும் நயமான பேச்சுக்கும் மயங்கும் அந்த மனம்தான் பிரபுக்களை நூற்றாண்டுகளாகத் தாங்கிவந்தது.

காலத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். பிரதமர் அட்லியின் தொழிற்கட்சி ஆட்சி நடந்த ஆண்டுகள் அவை. 1949-இல் மிகப் பெரிய சொத்துகளின் மீதான மரண வரி 80 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. அதே ஆண்டின் நாடாளுமன்றச் சட்டம், மசோதாக்களைத் தாமதப்படுத்தும் பிரபுக்கள் சபையின் அதிகாரத்தை மேலும் சுருக்கியது. நாட்டுப்புற மாளிகைகள் பல கைவிடப்பட்டன, இடிக்கப்பட்டன. மைக்கேல் பால்கன் நடத்திய ஈலிங் ஸ்டூடியோ அதே ஆண்டில் வெளியிட்ட ‘பாஸ்போர்ட் டு பிம்லிகோ’, ‘விஸ்கி கலோர்’ ஆகியவை ஒன்றுபட்ட சிறிய சமூகங்களை அன்போடு காட்டிய படங்கள். அதே ஸ்டூடியோவில் அவற்றோடு பிறந்த இந்தப் படத்தில் அந்த வெதுவெதுப்பு அறவே இல்லை. தலைப்பே டென்னிசனின் கவிதை வரி: சிறு மகுடங்களைவிட அன்புள்ள இதயங்கள் மேலானவை, நார்மன் இரத்தத்தைவிட எளிய நம்பிக்கை மேலானது. படத்தில் மகுடம் இருக்கிறது. அன்புள்ள இதயம் அநேகமாக யாரிடமும் இல்லை. தாமதமாக மனம் மாறி லூயிக்கு உதவிய வங்கியாளர் ஒருவரிடம்தான் அதன் சாயல் தெரிகிறது. அவர் தாமாகவே இறந்தபோது, அவ்வளவு அன்பு காட்டிய அவரைக் கொல்ல வேண்டிய தேவை ஏற்படவில்லையே என்று லூயி மகிழ்கிறான்.

பார்க்க விரும்புகிறவர்கள் எந்த வடிவத்தைப் பார்க்கிறோம் என்பதில் கவனமாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் வெளியிட்டபோது, குற்றவாளி தப்பிக்கக் கூடாது என்ற அந்நாட்டுத் தணிக்கை விதிக்காகச் சில நிமிடங்கள் வெட்டப்பட்டு, இறுதியில் சில விநாடிக் காட்சி ஒன்று சேர்க்கப்பட்டது. பிரிட்டிஷ் வடிவத்தில் அது கிடையாது. அதில் தற்கொலைக் கடிதம் கடைசி நேரத்தில் கிடைத்து லூயி விடுதலையாகி வெளியே வருகிறான். ஒரு வண்டியில் ஈடித், இன்னொன்றில் சிபெல்லா. எந்தப் பக்கம் போவது என்று தயங்கி நிற்கும்போது ஒரு பத்திரிகையாளர் வந்து, தங்கள் இதழுக்கு உங்கள் நினைவுக் குறிப்புகளைத் தர முடியுமா என்று பணிவோடு கேட்கிறார். என் நினைவுக் குறிப்புகளா என்று லூயி திருப்பிக் கேட்கிறான். பிறகு அதே சொற்களை இன்னும் மெதுவாகச் சொல்கிறான். ஆறு கொலைகளையும் தன் கையாலேயே, அழகான உரைநடையில் எழுதி முடித்த அந்தத் தாள்கள் சிறையறையின் மேசை மேல் அப்படியே இருக்கின்றன. அமெரிக்க வடிவம் அவை அதிகாரிகளின் கைக்குப் போவதைக் காட்டிவிடுகிறது. ஹேமர் எடுத்தது தாள்களோடு நின்றுவிடுகிறது.